பூமியின் சாட்சியமும் சர்க்காரின் மௌனமும்

2023-ம் வருஷம் ஜனவரி மாதம் இரண்டாவது வாரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நமது தேசத்துப் பொது ஜனங்களில் பெரும்பாலோர் இதற்குள் மறந்திருக்கக்கூடும். நாம் மறக்கவில்லை. உத்தராகண்ட மாகாணத்தில் இமயமலைச் சாரலிலுள்ள ஜோஷிமட் என்னும் பட்டணத்தில் வீட்டுச் சுவர்கள் வெடித்து, தெருக்கள் பிளந்து, ஜனங்கள் கடுங்குளிரில் குழந்தை குட்டிகளோடு வெளியேறிக்கொண்டிருந்த தருணம் அது. அப்போது ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார், செயற்கைக்கோள் ரேடாரின் துணையால் அப்பட்டணத்து நிலம் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று அளந்து, சிறியதோர் அறிக்கையை வெளியிட்டனர். 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மாத காலத்தில் நிலம் சுமார் 9 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதற்குப் பின், டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையுள்ள 12 நாட்களுக்குள் மட்டும் 5.4 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. மாதக் கணக்கில் பார்த்தால் முன்னிருந்த வேகத்தைப்போல் இது பத்து மடங்குக்கு மேலாகும்.

அறிக்கை வெளியான ஓரிரு தினங்களுக்குள் அது இருந்த இடம் தெரியாமல் அகற்றப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஜனவரி 13-ந் தேதி விஞ்ஞான ஸ்தாபனங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஜோஷிமட் விஷயமாகப் பத்திரிகைகளுடன் பேசலாகாது, அளவுகளைப் பொது மேடைகளில் வெளியிடலாகாது என்று கட்டுப்பாடு விதித்தது. அவரவர் மனம் போனபடி வியாக்கியானம் செய்வதால் அவ்வூராருக்கு மட்டுமன்றித் தேச மக்களுக்கும் குழப்பம் உண்டாகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அளந்தது பொதுப் பணம்; அளக்கப்பட்டது ஜனங்களின் வீட்டுத் தரை; அளவோ ஜனங்களுக்கு இல்லை.

பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது இஸ்ரோவும் அமெரிக்காவின் நாஸாவும் கூடிச் செய்த நிஸார் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டிருக்கிறது. பூமியின் மேற்பரப்பு அசைவதைக் காண்பதே அதன் தலையாய வேலைகளில் ஒன்று. இனி ஜோஷிமட் போன்ற ஓரிரு ஊர்கள் மாத்திரமல்ல, தேசத்தின் ஒவ்வொரு மலைச்சரிவும், ஒவ்வொரு நகரமும், அணைக்கட்டும் அளக்கப்படும். அளவுகள் குவியத்தான் போகின்றன. அவை யாருடையவை, யாரிடம் முதலில் சொல்லப்படவேண்டும் என்ற கேள்வி 2023-ல் தவறான வழியில் தீர்க்கப்பட்டது. அந்தத் தீர்ப்பே முன்மாதிரியாக நிலைத்துவிடலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஜோஷிமட் நமக்கு அந்நியமான ஊரன்று. ஆதிசங்கரர் நிறுவிய ஜோதிர்மடத்தின் ஸ்தலம். பதரிநாதம் செல்லும் யாத்ரீகர்கள் கடந்து போகவேண்டிய வாயில். வைஷ்ணவர்கள் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான திருப்பிரிதி இதுவே என்று கொள்வதுமுண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில், பூர்வீகத்தில் மலை சரிந்து குவிந்த கல்லும் மண்ணுமான மேட்டின்மேல் இவ்வூர் அமைந்திருக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சுமார் 16,700 பேர் வாசம். 2023-ல் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புக் கண்டது என்பது சர்க்காரே சொன்ன கணக்கு.

இந்த ரேடார் வித்தை யாதென்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், இது ஏதோ தேவரகசியம், சாமானியருக்குப் புரியாது என்ற எண்ணமே உத்தியோகஸ்தர்களுக்குப் பெரிய அரணாக இருக்கிறது. செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சென்றுகொண்டே பக்கவாட்டில் பூமியை நோக்கி ரேடியோ அலைகளை வீசுகிறது. தரையில் பட்டு மீளும் அலையை அதுவே வாங்கிக்கொள்கிறது. இருளும் மேகமும் இந்த அலைக்குத் தடையல்ல. அலை என்பது தாளம் போல் திரும்பத் திரும்ப வருவது. போய்த் திரும்பும் தூரத்துக்குள் எத்தனை ஆவர்த்தனங்கள் அடங்கின என்பது கருவிக்குத் தெரியாது. ஆனால், மீண்டுவந்த அலை ஆவர்த்தனத்தின் எந்த அக்ஷரத்தில் வந்து விழுந்தது என்பது மிக நுட்பமாகத் தெரியும். 12 நாள் கழித்து அதே பாதையில் அதே இடத்துக்கு மேல் வரும்போது அலை வேறோர் அக்ஷரத்தில் வந்து விழுமானால், இடையில் தரை நகர்ந்திருக்கிறதென்று பொருள். ஜோஷிமட்டை அளக்க உதவிய ஐரோப்பியச் செயற்கைக்கோளின் அலை நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அலை போகவும் வரவும் வேண்டியிருப்பதால் தரை 2.8 சென்டிமீட்டர் விலகினாலே ஒரு முழு ஆவர்த்தனம் மாறிவிடும். அதில் சிறு பின்னத்தையும் காணக்கூடுமாதலால், 700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு விரற்கடைக்கும் குறைந்த அசைவு பிடிபட்டு விடுகிறது. 1992 ஜூன் 28-ந் தேதி கலிபோர்னியாவில் லேண்டர்ஸ் என்னுமிடத்தில் நேர்ந்த பூகம்பத்தில் தரை எவ்வாறு இடம் பெயர்ந்தது என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு 1993-ல் வெளியிட்டபோதே இவ்வித்தை உலகப் பிரசித்தம் ஆயிற்று. ஆகவே இது புதுமையுமல்ல, ரகசியமுமல்ல.

எனினும், எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது வக்கீல் வழக்கமன்று. இந்தச் சாட்சிக்கும் குறைகள் உண்டு. தன்னை நோக்கியும் தன்னை விட்டும் தரை நகர்வதை மாத்திரமே அது காணும். வடக்கு தெற்காக நகர்வது அதன் கண்ணில் ஏறக்குறையப் படுவதில்லை. அடர்ந்த மரங்களும் புதிதாய் விழுந்த பனியும் அலையின் தொடர்பை அறுத்துவிடும். செங்குத்தான மலைகளில் சில முகங்கள் அதற்கு மறைவாகவே இருக்கும். காற்றிலுள்ள நீராவியும் அலையைத் தாமதப்படுத்தித் தரையே அசைந்ததுபோல் காட்டும். நிலம் மிக வேகமாகப் பாய்ந்தால் எத்தனை ஆவர்த்தனம் கடந்தது என்ற கணக்கே தவறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எது, எப்போது, எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, ஏன் என்று அது ஒருபோதும் சொல்லாது. ஜோஷிமட்டில் மண்ணின் சுபாவமா, வடிகாலில்லாமல் ஊற்றெடுத்து ஓடிய தண்ணீரா, அளவுக்கு மீறிய கட்டடங்களா, 520 மெகாவாட் தபோவன்-விஷ்ணுகாட் மின்சாரத் திட்டத்தின் சுரங்கமா என்ற விவாதத்தை ரேடார் தீர்த்து வைக்காது. 2009 டிசம்பரில் அச்சுரங்கம் தோண்டும் யந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைக் குத்திவிட்டது உண்மை; சுரங்கம் பட்டணத்தின் அடியில் செல்லவில்லை என்று கம்பெனியார் கூறுவதும் உண்மை. இவற்றை நிறுத்துப் பார்க்க வேறு சாட்சிகள் வேண்டும். ஆனால் ஒரு சாட்சி எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பதற்காக, அவன் கண்டதைச் சொல்லவிடாமல் வாயை அடைப்பது எந்த நியாயஸ்தலத்தின் முறை?

இதில் நமது தேசாபிமானத்தைச் சுடும் சங்கதி ஒன்றிருக்கிறது. ஜோஷிமட் அளவுக்கு மூலாதாரமான ரேடார் படங்கள் ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுத்தவை. அவற்றை ஐரோப்பியர் உலகிலுள்ள எவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றனர். ரோமாபுரியிலோ டோக்கியோவிலோ உட்கார்ந்திருக்கும் மாணாக்கன் ஒருவன் அவற்றை இறக்கிக்கொண்டு நமது பட்டணம் எவ்வளவு அமிழ்ந்ததென்று கணக்கிடலாம். அவனைத் தடுக்க நமது ஆணையத்துக்கு அதிகாரமில்லை. தடுக்கப்பட்டவர்கள் நமது விஞ்ஞானிகள். இருட்டில் விடப்பட்டவன் அந்தப் பட்டணத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவன். அந்நியர் மறைக்காததை நம்மவர் நம்மவரிடமிருந்து மறைத்தனர். அந்நிய ஆட்சியில் அறிக்கைகளுக்கு ‘அந்தரங்கம்’ என்று முத்திரையிட்ட வழக்கத்தை எதிர்த்து இந்தப் பக்கங்களைப் போன்ற பக்கங்கள் எத்தனையோ எழுதின. ஆட்சி மாறிய பின்னும் முத்திரை மாத்திரம் மேஜைமேல் அப்படியே இருக்கிறது.

ரேடார் வருமுன் ஒன்றும் தெரியாதிருந்ததா என்றால் அதுவுமில்லை. 1976-ல், அப்பகுதி உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், கார்வால் கமிஷனர் ஸ்ரீ மிஸ்ராவின் தலைமையில் 18 பேர் கொண்ட கமிட்டி ஊரைச் சுற்றிப் பார்த்து, இது பழைய மண்சரிவின்மேல் நிற்கும் பட்டணமென்றும், கனத்த கட்டடங்களுக்கு இடங்கொடுக்கலாகாதென்றும், சரிவிலுள்ள பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றலாகாதென்றும், மரங்களை நட்டு வடிகால்களைச் சீர் செய்யவேண்டுமென்றும் சிபார்சு செய்தது. கண்ணும் காலும் மாத்திரமே அவர்களுக்குக் கருவிகள். பின்வந்த நாற்பத்தாறு வருஷங்களில் மாடிமேல் மாடியாக விடுதிகள் எழுந்தன. 2021 பிப்ரவரி 7-ந் தேதி ரிஷிகங்கை வெள்ளம் இருநூறு பேருக்கு மேல் பலி கொண்ட பின்னும் எழுந்தன. எச்சரிக்கைக்குக் குறைவில்லை, அளவு எங்கே என்று கேட்டுத் தட்டிக்கழிக்க ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சாக்கையும் செயற்கைக்கோள் பறித்துவிட்டது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிலையத்தார் 2020 ஜூலை முதல் 2022 மார்ச் வரையிலான படங்களை ஆராய்ந்து, ஜோஷிமட்டும் சுற்றுப்புறமும் வருஷத்துக்கு 6.5 சென்டிமீட்டர் வீதம் அமிழ்ந்து வந்ததாகக் கண்டனர். ஆக, வீடுகள் வெடிப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே வானத்தில் பதிவு இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதை எடுத்துப் பார்த்து, ஊராரிடம் போய்ச் சொல்லவேண்டிய கடமைதான் எந்த உத்தியோகஸ்தருக்கும் இருக்கவில்லை.

சர்க்கார் தரப்பையும் கேட்போம். அரைகுறை அளவுகள் வெளியானால் ஜனங்கள் பீதியடைவார்கள். ஒரு ஸ்தாபனம் ஒன்று சொல்ல, மற்றொன்று வேறு சொல்லும். நிபுணர்கள் கூடி ஒரே முடிவாகச் சொல்வதே நலம் என்பது அவர்கள் வாதம். இதில் முற்றிலும் சாரமில்லை என்று நாம் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். துரிதமான அமிழ்வு பட்டணத்தின் நடுப்பகுதியோடு நிற்கிறது என்று மையத்தார் தெளிவாகச் சொல்லியிருக்க, பட்டணம் முழுவதுமே மண்ணுக்குள் போய்விடுமென்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்களே. ஆனால், தவறாகப் படிப்பவருக்கு மருந்து சரியாகப் படித்துச் சொல்வதேயன்றி, படிக்கவே கூடாதென்று ஏட்டைப் பிடுங்குவதன்று. அறிக்கையை அகற்றியதால் பீதி குறைந்ததா? சொல்லக்கூடாத அளவுக்கு ஏதோ இருக்கிறதென்ற சந்தேகமல்லவா கூடிற்று?

நார்வே தேசத்தாரைப் பாருங்கள். அவர்களுடைய தேசமும் மலைச்சரிவுகள் நிறைந்தது. 2018-ல் அவர்கள் தங்கள் தேசம் முழுமைக்கும் நில அசைவைக் காட்டும் ரேடார் படத்தைப் பகிரங்கமாக வெளியிட்டனர். ஒவ்வொரு குடியானவனும் தன் வீட்டைத் தேடி, அது வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் அசைகிறதென்று பார்க்கலாம். 2022 முதல் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் இதுபோன்ற படம் கிடைக்கிறது. அதே நார்வேயில் வெஸ்லமான்னென் என்னும் மலைப்பகுதி சரியப்போகிறதென்று தரையில் வைத்த ரேடார் காட்டியதால், 2014-க்கும் 2019-க்கும் இடையில் அடிவாரத்து ஜனங்கள் பதினாறு முறை வெளியேற்றப்பட்டனர். பதினாறு முறையும் காரணம் சொல்லப்பட்டது, அளவு காட்டப்பட்டது. 2019 செப்டம்பர் 5-ந் தேதி மலை உண்மையிலேயே விழுந்தபோது ஒருவருக்கும் காயமில்லை. பதினைந்து முறை விழாமலிருந்த மலைக்காகப் பதினாறாவது முறையும் மூட்டை கட்ட ஜனங்கள் சம்மதித்ததற்கு, தங்களிடம் எதுவும் மறைக்கப்படவில்லை என்ற நம்பிக்கையே காரணமாயிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். நார்வே ஜனங்களுக்குத் தாங்கக்கூடிய உண்மை கார்வால் ஜனங்களுக்குத் தாங்காது என்று கருதுவது, சுயராஜ்யத்துக்கு நாம் இன்னும் பக்குவப்படவில்லை என்று ஒரு காலத்தில் சொன்னவர்களின் வாதத்தையே வேறு வாயால் சொல்வதாகும்.

இது நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? ஒருவன் தன் கையிலுள்ள சாட்சியத்தைக் கொடுக்கக்கூடியவனாயிருந்தும் கொடாமல் மறைப்பானானால், அது அவனுக்குப் பாதகமானதென்றே கோர்ட்டு அனுமானிக்கலாம் என்பது 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவு கண்ட நியாயம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தில் 119-வது பிரிவாக அது தொடர்கிறது. தனி மனிதனுக்குள்ள இந்த நியாயம் சர்க்காருக்கு மட்டும் இல்லாமற் போய்விடுமா? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவோ இன்னும் தெளிவானது. ஜனங்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அது சம்பந்தமான விவரங்களையெல்லாம், எவரும் மனுப் போடாமலே, சர்க்கார் தானாக வெளியிடவேண்டும். அதையும் அந்தந்தப் பிரதேசத்து பாஷையை அனுசரித்து வெளியிடவேண்டும். வீட்டைக் காலி செய் என்று கூறுவதைவிட ஜனங்களைப் பாதிக்கும் முடிவு வேறென்ன இருக்கிறது?

நைனிடாலிலுள்ள ஹைகோர்ட்டு இவ்விஷயத்தில் நேர்மையாகவே பேசிற்று. 2023 செப்டம்பரில், நிபுணர்கள் தயாரித்த அறிக்கைகளைச் சர்க்கார் ரகசியமாக வைத்திருக்க யாதொரு காரணமும் காணவில்லை என்று நீதிபதிகள் கூறினர். அதன் பின்னரே அறிக்கைகள் வெளிவந்தன. வெடிப்புக் கண்டு எட்டு மாதமாகியிருந்தது. கோர்ட்டுக்குப் போனால்தான் தன் வீட்டுத் தரையின் அளவு கிடைக்குமென்றால், வக்கீல்களுக்கு அது வரும்படியாகலாம். ஊராருக்கு அது விமோசனமாகாது.

இனி நிஸாரைப் பற்றி. 12 மீட்டர் அகலமுள்ள குடை போன்ற வலைப்பரப்பை விரித்து, இரண்டு அலை நீளங்களில் அது பூமியைப் பார்க்கிறது. நாஸா கொடுத்த ரேடாரின் அலை சுமார் 24 சென்டிமீட்டர் நீளம். இஸ்ரோ செய்தது அதனினும் குறுகியது. நீண்ட அலை மரக்கிளைகளையும் இலைகளையும் ஊடுருவித் தரையை எட்டுமாதலால், இமயமலைக் காடுகளில் பழைய கருவிகள் குருடாகிப்போன இடங்களையும் இதனால் காணலாம். பன்னிரண்டு நாட்களுக்குள் ஏறுமுகமாக ஒருமுறை, இறங்குமுகமாக ஒருமுறை, ஆக இருமுறை ஒவ்வோரிடத்தையும் பார்க்கும். அதன் படங்களை உலகனைத்துக்கும் இலவசமாகத் திறந்து வைப்பதென்று இரு தேசத்தாரும் இசைந்திருக்கின்றனர். நம்முடைய பெருமைக்கு இது உரியதே. ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். திறந்து வைப்பது படம். ஜனங்களுக்கு வேண்டியது பொருள். படத்தைக் கணக்கிட்டுப் பொருள் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் சர்க்கார் ஸ்தாபனங்களிலேதான் அதிகம். அவர்கள் வாயை ஒரு கடிதத்தால் கட்டக்கூடுமானால், திறந்த படம் சாமானியனுக்குப் பூட்டிய பெட்டியே.

மலைநாட்டாரின் கவலை இது, நமக்கென்ன என்று சமவெளியில் இருப்போர் எண்ணவேண்டாம். டெல்லி விமான நிலையத்துக்கு அருகே கபாஷேரா என்னுமிடத்தில், நிலத்தடி நீரை வரம்பின்றி உறிஞ்சியதால், 2018, 2019 வருஷங்களில் தரை வருஷத்துக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் அமிழ்ந்ததை ரேடார் காட்டியிருக்கிறது. டெல்லி, மும்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களோடு நமது சென்னையையும் சேர்த்து ஆராய்ந்து 2025-ல் வெளியான ஒரு கட்டுரை, இவ்வைந்து நகரங்களிலும் கூடி 878 சதுர கிலோமீட்டர் நிலம் அமிழ்ந்து வருவதாகக் கண்டிருக்கிறது. அங்கும் முக்கிய காரணம் கிணறுகளே. இந்தச் செய்தி வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் இங்கிலீஷில் வந்தது. எந்த வீதி, எவ்வளவு என்று சென்னை நகரசபை தன் வார்டுவாசிகளுக்குத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தாலல்லவா ஆழ்குழாய் தோண்டுகிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான்?

ஜோஷிமட்டைச் சீர்படுத்த 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் சுமார் 1,658 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு அனுமதி அளித்தது. அந்தப் பணத்தில் மிகச் சிறு பகுதி போதும், நாம் கேட்பதற்கு. நிஸார் அளவுகளைக் கொண்டு தேசம் முழுமைக்கும் நில அசைவுப் படம் ஒன்றை, எவரும் தம் வீட்டைத் தேடிக் காணும்படி, சர்க்கார் தன் பொறுப்பில் வெளியிடவேண்டும். அளவின் நிச்சயம் எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்பதையும் உடன் சொல்லவேண்டும். மலை ஜில்லாக்களில் ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் அளவைப் பார்த்து, குறித்த வரம்பு மீறினால் ஊராரிடம் அறிவிக்கும் கடமையை ஓர் உத்தியோகஸ்தரின் பேரில் பெயர் குறித்துச் சுமத்தவேண்டும். 2023 ஜனவரி 13-ந் தேதிக் கடிதத்தைப் போன்ற கட்டளைகளை இனிப் பிறப்பிப்பதில்லையென்று ஆணையம் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும். முதற்கண், ஜோஷிமட் முனிசிபல் ஆபீஸ் சுவரில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, அப்பட்டணத்து நிலம் இந்தச் சுற்றில் எவ்வளவு அசைந்தது என்பதை ஹிந்தியில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டட்டும்.